காலடியில் ஒரு வாட்டர்லூ

கே: ஓர் அங்குல உயரப் போர்வீரனுக்கு பெயின்ட் அடிப்பதே பெரிய வேலை. அவன் நிற்கிற பேஸுக்கும் மெனக்கெட வேண்டுமா?

ப: கட்டாயம். சிவப்புக் கோட்டைப் பார்த்தால் பிரிட்டன் படை என்று தெரியும். எந்த ஊர், எந்த மாதம், முந்தின ராத்திரி மழை பெய்ததா என்பதை அவன் காலடி மண்தான் சொல்லும்.

கே: வாட்டர்லூ போருக்காக 28 மில்லிமீட்டர் படை சேர்க்கிறேன். பச்சைப் புல் ஒட்டினால் போதும்தானே?

ப: போதாது. 1815 ஜூன் 17 இரவு அங்கே மழை கொட்டியது. மறுநாள் பீரங்கியை நகர்த்த முடியாத அளவுக்குச் சேறு. நெப்போலியன் தாக்குதலைத் தொடங்கவே நடுப்பகல் நெருங்கிவிட்டது. போதாததற்கு வயலெல்லாம் உயர்ந்து நின்ற ரை பயிர். வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இந்தக் களத்துக்கு மாதிரி செய்யக் கிளம்பியபோது, களத்திலேயே இருக்கும் லா ஹே சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரிட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அவரவர் நின்ற இடத்தில் என்ன பயிர் இருந்தது என்றுகூட விசாரித்தார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்த அந்த மாதிரி இன்றும் அங்கே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பயிரை விசாரித்த அந்த மனிதர்தான் இந்தக் கலையில் எனக்கு ஆசான்.

உங்கள் சேற்றுக்கு டீத்தூள் சக்கை, ஃபெவிகால், அடர் பழுப்பு அக்ரிலிக் பெயின்ட் மூன்றையும் குழைத்துப் பூசுங்கள். ஈரம் காயுமுன் பல்குத்தும் குச்சியால் வண்டிச் சக்கரத் தடம் இழுங்கள். காய்ந்ததும் தடத்துக்குள் மட்டும் பளபளப்பு வார்னிஷ் விட்டால் தேங்கிய மழைத்தண்ணீர் தயார். ரை பயிருக்குத் தேங்காய் நார்: இரண்டு சென்டிமீட்டருக்கு வெட்டிக் கொத்தாக நட்டு, பாதியை மிதிபட்ட மாதிரி ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுங்கள்.

கே: டீ சக்கையில் பூஞ்சை வராதா?

ப: பாலும் சர்க்கரையும் இருந்தால் வரும், எறும்பையும் கூட்டிவரும். நன்றாக அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே டப்பாவில் போடுங்கள்.

கே: ஆற்றுமணலை அப்படியே ஒட்டலாமா?

ப: சலித்துவிட்டு ஒட்டுங்கள். 28 மில்லிமீட்டர் வீரன் நிஜ மனிதனில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் மணல் அவனுக்கு ஆறு சென்டிமீட்டர் கல். பேஸ் முழுக்க அதையே தூவினால் பாவம், கல்குவாரியில் நிற்பான். நைஸ் மணல் பரப்பி, அங்கங்கே இரண்டு மூன்று பருக்கைக் கல் போதும். மேலே பழுப்பு அடித்துக் காய்ந்ததும், தூரிகையில் வெளிர் நிறம் தொட்டு, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் லேசாக உரசுங்கள். ஒவ்வொரு மணியும் தனியாக எழுந்து நிற்கும். கடல்மணல் என்றால் முதலில் உப்பு போகக் கழுவ வேண்டும்.

கே: தெர்மாகோல் பாறைக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். பாறை கரைந்துவிட்டது!

ப: ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலும் அக்ரிலிக்கும் கலந்து ஓர் இண்டு இடுக்கு விடாமல் பூசிக் காயவைத்த பிறகு ஸ்ப்ரேக்குப் போங்கள். அதைவிட, பாட்டில் தக்கையைக் கையால் பிய்த்துப் பாருங்கள். கத்தியால் வெட்டினால் கேக் துண்டு, பிய்த்தால் பாறை.

கே: நெப்போலியனின் 1812 ரஷ்யப் பின்வாங்கலுக்குப் பனி வேண்டும். சமையல் சோடா?

ப: பலரும் போடுகிறார்கள், நாளானால் மஞ்சளடிக்கும். வெள்ளைக் கல்பொடிக் கோலமாவை வெள்ளை பெயின்டிலும் ஃபெவிகாலிலும் குழைத்துப் பூசுங்கள். அரிசிமாவு வேண்டவே வேண்டாம், வண்டு வரும். பனியை எங்கும் ஒரேபோல் பரப்பாதீர்கள். காற்று ஒதுக்கிய பக்கம் குவியல், எதிர்ப்பக்கம் வெறும் மண்.

கே: அட்டை பேஸ் அப்பளம்போல் வளைகிறது...

ப: மேல்பக்கம் மட்டும் பசையின் ஈரம் பட்டதால் வந்த வினை. அடிப்பக்கமும் அதே பசையை ஒரு கோட் பூசி, காயும்வரை கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள்.

கே: இந்த வயதில் பொம்மையா என்கிறார்கள் வீட்டில்.

ப: எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் எழுதியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கி மலை செய்தவர் அவர். உங்கள் வீட்டில் அவ்வளவு தடித்த புத்தகம் இருந்தால், அட்டை காய்ந்ததும் மலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.