வெயில் ஓசி, தண்ணி காசு!

அடுப்படி கேள்வி-பதில்

புதுக்குடித்தனக்காரி, பாலையம்பட்டி

துவரம்பருப்பு எட்டு விசில் விட்டும் கொட்டைப்பாக்கு மாதிரி கிடக்கிறது. மாமியார் பலசரக்குக் கடையைத் திட்டுகிறார், நான் குக்கரைத் திட்டுகிறேன். நியாயம் யார் பக்கம்?

ரெண்டு பேரும் குற்றவாளியைத் தப்பவிட்டுவிட்டீர்கள். திட்ட வேண்டியது குழாயை. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் தாராளம். பருப்பின் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைக் கால்சியம் இன்னும் இறுக்கிவிடும். அப்புறம் விசில் அடித்து என்ன புண்ணியம்?

வீடு கழுவ உப்புத்தண்ணி, பருப்புக்கு நல்ல தண்ணி என்று பிரித்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணி வராத நாளில், ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து வேகவையுங்கள். உப்பிலுள்ள சோடியம் போய்க் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகே உள்ளே வரவேண்டும். புளிப்பு முந்தினால் பருப்பு விறைக்கும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் சீக்கிரம் குழையும், ஆனால் பி1 வைட்டமினையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடும். இத்தனையும் செய்து வேகவில்லை என்றால் பருப்பு பழசு. அன்றைக்கு மாமியார் ஜெயித்தார் என்று ஒத்துக்கொள்ளுங்கள், தாயி.

அரசு ஊழியர், அருப்புக்கோட்டை

சமையல் குறிப்புகளில் "நான்கு விசில்" என்று போடுகிறார்கள். எங்கள் வீட்டுக் குக்கர் நாலாவது விசிலுக்கு நாற்பது நிமிடம் எடுக்கிறதே?

விசில் கடிகாரம் இல்லை ஐயா. உள்ளே நீராவி அளவு மீறியதும் வெயிட் தூக்கிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். குக்கரின் அளவு, ஊற்றிய தண்ணீர், தீயின் வேகம் எல்லாம் சேர்ந்து அந்த இடைவெளியை முடிவு செய்யும். வீட்டுக் குக்கருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூடும். 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அங்கே 120 டிகிரி வரை போகும். சமையலை முடிப்பது அந்த 20 டிகிரிதான். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, நிமிடக் கணக்குப் பாருங்கள். அடுத்தடுத்த விசிலெல்லாம் காசு கொடுத்து வாங்கிய கேஸை ஆவியாக வெளியே அனுப்புகிற சத்தம். 1679-ல் முதல் குக்கரைச் செய்த டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர், பாத்திரம் வெடிக்காமல் இருக்கத்தான் வால்வை வைத்தார். அது விசிலடிக்கும், நாம் உட்கார்ந்து எண்ணுவோம் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

நாற்பது நிமிடம் ஆகிறது என்றால் முதலில் கேஸ்கட்டைப் பாருங்கள். விறைத்துப் போன கேஸ்கட் ஓரம் வழியாகவே ஆவியை விட்டுக்கொண்டிருக்கும்.

இல்லத்தரசி, பந்தல்குடி

இட்லிக் கொப்பரையின் அடியில் கறுப்பு, ஓரத்தில் வெள்ளைப் படை. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டது.

கைக்கு ஓய்வு கொடுங்கள். வேலையைப் புளியிடம் விடுங்கள். வெள்ளைப் படை தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. கறுப்பு, உப்புத்தண்ணியில் அலுமினியம் மாறும் நிறம். இரண்டுமே புளிப்புக்கு அடங்கும். கரைத்து எடுத்த புளிச் சக்கையைக் கொப்பரைத் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் வந்துவிடும். இனிமேல் இட்லி அவிக்கும்போதே துளிப் புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ அடித் தண்ணீரில் கிடக்கட்டும்.

வாசகர், திருச்சுழி

எங்கள் ஊர் ரமண மகரிஷி பிறந்த ஊர். சமையல் பகுதியில் எங்கள் ஊருக்கு ஏதாவது இடம் உண்டா?

அவரை வைத்தே உண்டு. 1879 டிசம்பர் 30-ல் உங்கள் ஊரில் பிறந்தவர், திருவண்ணாமலை ஆசிரமத்தில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், சிந்திய தானியத்தைப் பொறுக்கி எடுத்தார். தாயார் அழகம்மாள் அப்பளம் இடக் கூப்பிட்டபோது மட்டும் அப்பளத்துக்குப் பதிலாக "அப்பளப் பாட்டு" எழுதிக் கொடுத்தார். அப்படித் தப்பிக்க மற்ற பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. அந்தப் பாட்டில் தத்துவத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு சமையல் குறிப்பு மிஞ்சும்: உளுந்து, மிளகு, சீரகம், பெருங்காயம், பிரண்டைச் சாறு. வேலியோரத்தில் தண்ணீர் கேட்காமல் வளர்கிற பிரண்டைக்கு அடுப்படியில் அத்தனை மரியாதை.

ஆசிரமச் சமையற்கட்டில் வேலைபார்த்த சம்பூர்ணம்மாள் இன்னொரு சங்கதியும் சொல்லியிருக்கிறார். நாள் தவறாமல் கத்தரிக்காய் சமைத்ததில் காம்பு மட்டும் ஒரு மூலையில் குவிந்துவிட்டது. அதைக் காயவைத்த பட்டாணியோடு சேர்த்துக் கறியாக வைக்கச் சொன்னார் ரமணர். ஆறு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. அவரே வந்து கரண்டியால் கிளறிவிட்டுப் போன பிறகுதான் மெத்தென்று ஆனதாம். என்ன காய் என்று தெரியாமலே எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அந்தக் கரண்டி நம்மிடம் இல்லை. அதனால் பிஞ்சுக் காம்பாகப் பொறுக்கி, முள்ளைச் சீவி, நெடுக்காகக் கீறி, ஊறிய பட்டாணியோடு குக்கரில் வையுங்கள். ஆறு மணி நேரம் கேஸ் எரித்தால் அது சிக்கனத்தில் சேராது.

வெளியூர் மருமகள், காரியாபட்டி

கம்பு மாவு அரைத்து வைத்தால் சில நாளிலேயே கசக்கிறது. மில்லில் ஏமாற்றுகிறார்களா?

மில்காரரை விட்டுவிடுங்கள். கம்பில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கு; அரிசியைவிட ரொம்ப அதிகம். முழுத் தானியமாக இருக்கிறவரை கொழுப்பும் அதைச் சிதைக்கும் நொதியும் தனித்தனி அறையில் இருக்கும். அரைத்ததும் இரண்டும் கலந்து சிக்கு வாடையும் கசப்பும் வரும். கம்பைத் தானியமாகவே மூட்டையில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். அரைக்கும் முன் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்தால் நொதி அடங்கிவிடும், இன்னும் சில நாள் தாங்கும். கம்மங்கஞ்சிக்கு வெஞ்சனம் என்ன என்று கேட்காததால், சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர், கல்லூரணி

சித்திரை வெயிலிலும் எங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. சென்னைச் சித்தி வீட்டில் அதே பானை வேலை செய்யவில்லையே?

பானை நல்ல பானைதான், சென்னைக் காற்றில்தான் ஈரம். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரி. கணக்குப்படி பத்து லிட்டர் பானையில் ஒரு டம்ளர் அளவு ஆவியானாலே பத்து டிகிரி குறைந்துவிடும். அதற்குக் காற்று வறண்டிருக்க வேண்டும். அதில் நம்மை மிஞ்ச ஊர் உண்டா?

மானாமதுரைப் பானையாகப் பார்த்து வாங்கி, காற்றோட்டமான நிழலில் ஈர மணல்மேல் வையுங்கள். அழகுக்காகப் பெயின்ட் அடித்தால் துளை அடைபடும். உப்புத்தண்ணி ஊற்றினாலும் நாளடைவில் அடைபடும். வெளியே நாரால் தேய்த்து வெயிலில் காயவையுங்கள்.

மாமியார், நரிக்குடி

போன கோடையில் போட்ட சீனியவரை வத்தலும் மிதுக்கு வத்தலும் கார்த்திகையில் பூசணம் பூத்துவிட்டன. வெயிலிலா குறை?

நரிக்குடி வெயிலைக் குறை சொன்னால் சூரியனே கோபித்துக்கொள்வார். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றிருக்கிறது. சீனியவரையை உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு எடுத்துக் காயப்போடுங்கள். மிதுக்கைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்தால் கசப்பும் குறையும், ஈரமும் இறங்கும். சாயங்காலம் பனி விழுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒடித்தால் "டக்"கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் பாக்கி. சுடச்சுட டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து எல்லாம் கெடும். ஆறவிட்டு அடையுங்கள். மழை இறங்கும் முன் புரட்டாசியில் மறுபடி ஒருநாள் காயவைத்தால் பங்குனி வரை கவலையில்லை. மிளகாய் வத்தலையும் மாசி, பங்குனியில் புது வரத்து வரும்போதே வருசத்துக்கு வாங்கிக் காம்போடு காயவைத்துக்கொள்ளுங்கள்.

தையல்காரர், கமுதி

மிக்சியில் கல்லுப்பு போட்டு ஓட்டினால் பிளேடு கூர்மையாகும் என்கிறார்களே?

கத்தரிக்கோலை உப்பில் வெட்டியா கூராக்குகிறீர்கள்? உப்பு, பிளேடில் ஒட்டிய பிசுக்கைத்தான் எடுக்கும். மழுங்கியதை மாற்ற வேண்டும், அல்லது சாணை பிடிக்க வேண்டும். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த விலையில்லா மிக்சியை இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ரகசியம் ஜாரைக் கழுத்துவரை நிரப்பாததும், நடுநடுவே மோட்டாருக்கு மூச்சு விடுவதும்தான்.

பள்ளி ஆசிரியை, அருப்புக்கோட்டை

கோடையில் ராத்திரி அரைத்த இட்லி மாவு காலையில் புளித்து வழிந்து நிற்கிறது.

மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரியே போதும். நம் ஊர்க் கோடையில் ராத்திரியும் வெக்கைதான். எனவே நேரத்தைக் குறையுங்கள். பானைத் தண்ணீர் விட்டு அரையுங்கள், அரைபடும் சூடே மாவைப் பாதி புளிக்கவைத்துவிடும். ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் மாவுச் சட்டியை வைத்து, ஈரத்துணி சுற்றுங்கள். உளுந்தை மட்டும் குறைக்காதீர்கள். கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டையின் பேரிலேயே "ஏபிகே 1" என்று ஓர் உளுந்து ரகத்தைக் கொடுத்திருக்கிறது. ஊர் மானம் இட்லியில் இருக்கிறது!

லாரி ஓட்டுநர், ம.ரெட்டியபட்டி

வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கிறார். சோறு அடிப்பிடித்துவிட்டது. அவர் வருவதற்குள் பாத்திரத்தைக் காப்பாற்ற முடியுமா?

முதலில் கிளறுவதை நிறுத்துங்கள். மேல்சோற்றை வேறு ஏனத்துக்கு மாற்றினால் அதுவாவது தப்பும். எவர்சில்வர் என்றால் தண்ணீரும் ஒரு கரண்டி ஆப்பசோடாவும் ஊற்றிக் கொதிக்கவைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அலுமினியம் என்றால் சோடா வேண்டாம், இன்னும் கறுக்கும்; புளித்தண்ணீர் ஊற்றுங்கள். பாத்திரம் தப்பிக்கும். உங்களைப் பற்றி உறுதி சொல்ல முடியாது, வாசம் ஒரு நாளில் போகாது.

குடும்பத் தலைவர், வீரசோழன்

மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கி இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் சின்ன மாடியில் என்ன பெரிதாகச் சேர்ந்துவிடும்?

2003-ல் கட்டாயமாக்கினார்கள், பல வீடுகளில் குழாய் இருக்கிறது, அது மாடியையும் தரையையும் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். சிந்தியது, ஆவியானது போக 700 லிட்டராவது கைக்கு வரும். முதல் மழை மாடியைக் கழுவட்டும், அதைப் பிடிக்காதீர்கள். அடுத்ததைத் துணியில் வடிகட்டி மூடிய தொட்டியில் வையுங்கள். குடிப்பதென்றால் கொதிக்கவைக்க வேண்டும். பருப்புக்கு இதைவிட நல்ல தண்ணீர் கடையில் கிடையாது.

பிளஸ் டூ மாணவி, மண்டபசாலை

எங்கள் அம்மா எதையும் தூக்கிப் போடுவதில்லை. கேட்டால் "சிக்கனம்" என்கிறார். நீங்களாவது சொல்லக் கூடாதா?

உன் அம்மாவை நேருக்கு நேர் எதிர்க்கும் துணிச்சல் இல்லை. பட்டியல் தருகிறேன், சத்தமாகப் படி. கேஸ் டியூபுக்கு ஐந்து வருசம்தான் ஆயுசு, வெடிப்புத் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. சிலிண்டர் வந்ததும் கைப்பிடிக்குக் கீழே உள்ள எழுத்தைப் பார்: ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர்; பக்கத்திலிருப்பது வருசம். அந்தத் தேதி கடந்திருந்தால் திருப்பி அனுப்பு. பூச்சு உரிந்த நான்ஸ்டிக் சட்டி, கறுத்துப் புகையும் பலகார எண்ணெய், குக்கருக்குப் பொருந்தாத உள்ளூர் சேஃப்டி வால்வு, மூன்றுக்கும் விடை கொடுக்கலாம். எண்ணெய் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊறுகாய் வேண்டாம். கண்ணாடிப் பாட்டில்கள் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், வத்தலுக்கு ஆகும். ஆஸ்பத்திரிச் செலவை மிச்சம் பிடிப்பதும் சிக்கனக் கணக்கில் வரும் என்று சொல்லிப் பார்.

பரண்மேல் இருக்கும் சீர்வரிசைப் பித்தளை அண்டாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. என் வீட்டில் நானே இன்னும் திறக்கவில்லை.