ஆக்டோபஸ் அண்ணன்

எங்கள் தெருவில் ஒரு ஜோசியர் இருக்கிறார். நாலு வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் ஒரு வாரம் மட்டும்தான் கடை திறப்பார். உலகக் கோப்பைக் கால்பந்தில் காலிறுதி முடிந்து நாலு அணி மிஞ்சுகிற அந்த வாரம். மற்ற நாட்களில் அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும் அவர் கடைக்குத்தான் போகும். “நாளைக்கு ரெடி” என்பார். அது எந்த நாளை என்று மிக்ஸிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் ஜெர்மனி எத்தனை கோல் போடும் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வார்.

இது வடசென்னை, வியாசர்பாடிப் பக்கம். ஊரெல்லாம் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தபோது பந்தை உதைத்துக்கொண்டே வளர்ந்த பகுதி. உலகக் கோப்பை வந்தால் சுவரில் பாதி பிரேசில் மஞ்சள், பாதி அர்ஜென்டினா நீலம். இங்கே ரசிகர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ரசிகன் வேறு, ஆருடர் வேறு. ரசிகன் “பிரேசில் ஜெயிக்கணும்” என்பான். ஆருடர் “பிரேசில் ஜெயிக்கும்” என்பார். ஒரு விகுதிதான் வித்தியாசம். அந்த விகுதிக்காகத்தான் அண்ணன் ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறார்.

லீக் ஆட்டங்களை அவர் சீண்ட மாட்டார். “அது சில்ற யாவாரம்பா” என்பார். இறுதிப் போட்டியையும் தொட மாட்டார். அங்கே இருப்பது ஒரே ஆட்டம். தப்பினால் ஒதுங்க நிழல் கிடையாது. அரையிறுதி அப்படி இல்லை. இரண்டு ஆட்டம், நாலு அணி. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் இரண்டும் பலிக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டில் ஒன்றாவது பலிக்க நாலில் மூன்று வாய்ப்பு. அதாவது மறுநாள் காலையில் தலை நிமிர்ந்து டீக்கடைக்கு வர முக்கால்வாசி உத்தரவாதம். இந்தக் கணக்கை அண்ணன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. ஆனால் அவர் நடையில் அது தெரியும்.

பெயர் வந்த கதை 2010-இல். தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை நடந்தபோது, ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் ஒரு மீன் காட்சியகத்தில் பால் என்றொரு ஆக்டோபஸ் இருந்தது. இரண்டு பெட்டிகளில் இரை வைத்து, பெட்டிக்கொரு நாட்டுக் கொடி ஒட்டித் தொட்டியில் இறக்குவார்கள். எந்தப் பெட்டியில் வாய் வைக்கிறதோ அந்த நாடு ஜெயிக்கும். எட்டு ஆட்டம் சொன்னது, எட்டும் பலித்தது. காசைச் சுண்டி இதைச் சாதிக்க வேண்டுமானால் 256-இல் ஒரு வாய்ப்பு.

ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் அரையிறுதி. ஜெர்மனி அதற்கு முன்புதான் இங்கிலாந்தை நாலுக்கு ஒன்று, அர்ஜென்டினாவை நாலுக்குச் சைபர் என்று உரித்துத் தொங்கவிட்டிருந்தது. ஆக்டோபஸ் ஸ்பெயின் என்றது. அண்ணன், “மீனு பேச்சைக் கேட்டுக்கினு வராதீங்கடா. ஜெர்மனி, மூணு கோல் வித்தியாசம்” என்றார். 73-ஆவது நிமிடத்தில் ஷாவி கார்னர் அடிக்க, புயோல் பறந்து வந்து தலையால் முட்ட, ஸ்பெயின் ஒன்றுக்குச் சைபர்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

“எனக்குத் தெரியும்டா. ஸ்பெயின்தான்னு மனசுல பட்டுச்சு. அந்த மீனும் அதையே சொல்லிடுச்சா, சரி, அதும் பொழப்பைக் கெடுக்க வேணாம்னு வுட்டுட்டேன்.”

அன்றிலிருந்து அவர் ஆக்டோபஸ் அண்ணன். அவருக்கு அதில் வருத்தமில்லை. பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

அதே வருடம் சிங்கப்பூரில், நம் ஆட்கள் நிறைந்த லிட்டில் இந்தியாவில், மணி என்ற ஜோசியக் கிளி கால்பந்துக்குச் சீட்டு எடுத்து உலகப் புகழ் பெற்றது. காலிறுதி நாலையும் சரியாகச் சொன்னது. ஸ்பெயின் ஜெர்மனியை வெல்லும் என்பதும் பலித்தது. இறுதிப் போட்டிக்கு நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. கோப்பை ஸ்பெயினுக்குப் போனது. இதைச் சொன்னபோது அண்ணன் உச்சுக் கொட்டினார். “கிளிக்கு எடுக்கத் தெரிஞ்சுது, பேசத் தெரியல. நானா இருந்தா மறுநாள் சமாளிச்சிருப்பேன்.”

தொழில் ரகசியம் அதுதான். ஆருடம் என்பது ஆட்டத்துக்கு முந்தைய ராத்திரி சொல்வது இல்லை, மறுநாள் காலையில் சொல்வது.

அதற்கு அண்ணனிடம் சில கருவிகள் உண்டு. முதல் கருவி, ‘ஆனா’ என்ற சொல். “இங்கிலாந்துதான். ஆனா குரோஷியாவை லேசுல எடை போடாத. ஆனா அவன் களைச்சுக் கீறான். ஆனா களைச்சவன் மேல ஒரு கண்ணு வை.” நாலு ‘ஆனா’ போட்டால் எந்த ஊர் பஸ்ஸும் அந்த ஸ்டாப்பில் நிற்கும். இரண்டாவது கருவி, ஆளுக்கொரு பலன். டீக்கடையில் பிரான்ஸ், சலூனில் பெல்ஜியம். பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் ‘ஆண் குழந்தை’ என்று வாயால் சொல்லிவிட்டு, ‘பெண்’ என்று சுவரில் எழுதி வைத்த ஜோசியர் கதை நமக்குத் தெரியும். அண்ணனுக்குச் சுவர் வேண்டாம், சலூன் போதும்.

மூன்றாவது கருவி, வரலாறு. அது அவருக்கு மளிகைக் கடை. வேண்டியதை எடுத்துப் பொட்டலம் கட்டுவார். போட்டி நடத்தும் நாடு ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டுமா? “1998-ல பிரான்ஸு சொந்த மண்ணுல செமில குரோஷியாவை ரெண்டுக்கு ஒண்ணு போட்டான்ல?” தோற்கும் என்று சொல்ல வேண்டுமா? “1990-ல இத்தாலி நேப்பிள்ஸ்ல மரடோனா கிட்ட பெனால்டில தோத்தான்ல? 2006-ல ஜெர்மனி டோர்ட்முண்ட்ல இத்தாலி கிட்ட கடைசி நிமிசத்துல ரெண்டு வாங்கினான்ல?” எல்லாமே உண்மை. ஒரு தகவல்கூடத் தப்பாக இருக்காது. தகவலெல்லாம் சரியாக இருந்தும் பலன் மட்டும் எப்படித் தப்புகிறது என்பதை ஒரு மோட்டார் காயில்காரரால்தான் விளக்க முடியும்: சுற்று எல்லாம் சரிதான், கரண்ட் கொடுத்தால் புகைகிறது.

இனி, 2014. அந்த ராத்திரியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பிரேசிலில் போட்டி. பிரேசில்–ஜெர்மனி அரையிறுதி பெலோ ஒரிசாந்தே நகரில். நமக்கு ஜூலை 9 அதிகாலை ஒன்றரை மணி. தெருமுனைக் கேரம் மன்றத்தில் டிவி வைத்திருந்தோம். தகரக் கூரை, நடுவில் கேரம் போர்டு, அதன் மேல் தாழத் தொங்கும் லைட். முப்பது பேர். முக்கால்வாசி மஞ்சள் பனியன். அண்ணன் பலன் சொல்லி முடித்திருந்தார்: “பிரேசில். ரெண்டுக்கு ஒண்ணு. எழுதி வெச்சுக்கோ.”

காலிறுதியில் கொலம்பியாவோடு மோதியதில் நெய்மாருக்கு முதுகெலும்பில் அடி. கேப்டன் தியாகோ சில்வாவுக்கு மஞ்சள் அட்டைத் தடை. இருவரும் இல்லை. நாங்கள் கவலைப்பட்டோம். 11-ஆவது நிமிடத்தில் முல்லர் ஒரு கோல் போட்டார். “திஷ்டி கழிஞ்சுது” என்றார் அண்ணன். அப்புறமும் எங்கள் முகம் தெளியாததைப் பார்த்து, “இங்க வாங்கடா, புரிய வெக்கிறேன்” என்று டிவிக்கு முதுகைக் காட்டிக் கேரம் போர்டின் முன் உட்கார்ந்தார்.

வெள்ளைக் காயின் பிரேசில், கறுப்பு ஜெர்மனி. ஒரு பக்கம் ஒன்பது காயின்தானே, அணிக்குப் பதினொரு பேர் ஆயிற்றே என்றான் ஒருவன். “அதான் நெய்மாரும் இல்ல, சில்வாவும் இல்லையே. கணக்கு சரியாப் போச்சா?” என்று அவன் வாயை அடைத்தார். சிவப்புக் காயினை எடுத்துக் காட்டினார். “இதான் நெய்மார். ரெட்டு. இவன் இருந்தா என்ன ஆவும்? எல்லாம் இவனையே பாத்து ஆடுவான். இப்போ இவன் இல்ல.” காயினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இப்பதான் பிரேசில் டீமா ஆடும். பாரு, பந்து இப்டி வருது…”

அவர் முதுகுக்குப் பின்னால், 23-ஆவது நிமிடம். “கோல்!” என்றான் ஒருவன். க்ளோசே. உலகக் கோப்பையில் அவருக்கு அது 16-ஆவது கோல். 15 போட்டிருந்த பிரேசிலின் ரொனால்டோவின் சாதனை, பிரேசில் மண்ணிலேயே உடைந்தது. அண்ணன் திரும்பவில்லை. “முல்லர் போட்டதையே ரீப்ளே போடறான்டா.” 24-ஆவது நிமிடம், க்ரோஸ். “கோல்” என்றது இன்னொரு குரல், கொஞ்சம் பலவீனமாக. “அதே ரீப்ளேதான். கவனத்தை இங்க வை.” 26-ஆவது நிமிடம், மறுபடியும் க்ரோஸ். இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை. 29-ஆவது நிமிடம், கெதிரா. மன்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. தன் விளக்கத்தில் எல்லோரும் சொக்கிப் போயிருக்கிறார்கள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். வெள்ளைக் காயினை மெதுவாகக் கறுப்புக்கு நடுவே நகர்த்தினார்.

வாசலில் சைக்கிளில் கேன் வைத்து டீ விற்கும் பையன் எட்டிப் பார்த்து, நம்ப முடியாமல் சொன்னான்: “ண்ணா, அஞ்சு…”

“அஞ்சு டீ எப்டிடா பத்தும்? எட்டா சொல்லு” என்றார் அண்ணன்.

பிறகுதான் திரும்பினார். அவர் திரும்பியதும் நடந்ததை விவரிக்க மாட்டேன். ஒரு மனிதனின் துக்கத்தில் எழுத்தாளன் ஓரளவுக்கு மேல் நுழையக் கூடாது. ஷுர்லே இரண்டு போட்டார். கடைசி நிமிடத்தில் ஆஸ்கர் பிரேசிலுக்கு ஒன்று. ஏழுக்கு ஒன்று. எழுந்து போகும்போது அண்ணன் யாரையும் பார்க்கவில்லை.

இத்தோடு தொழிலை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். காலை ஏழு மணிக்கு டீக்கடையில் அவர் குரல்தான் முதலில் கேட்டது.

“ஏழும் ஒண்ணும் எவ்ளோடா?”

“எட்டுண்ணா.”

“ராத்திரி ரெண்டு மணிக்கு, அஞ்சுல நிக்கும்போது, எட்டுன்னு சொன்னது யாரு?”

சாட்சிக்கு டீப் பையன் இருந்தான். மறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சுருக்கம்தான். 2018-இல் குரோஷியா, சென்னையைவிட மக்கள்தொகை குறைந்த நாடு, இரண்டு பெனால்டி ஷூட் அவுட் தாண்டி அரையிறுதிக்கு வந்தது. “கால்ல தெம்பு இருக்காது, இங்கிலாந்து” என்றார் அண்ணன். ஐந்தாவது நிமிடத்தில் டிரிப்பியர் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். 109-ஆவது நிமிடத்தில் மாஞ்சுகிச் கோல் போட்டதும் உட்கார்ந்தார். 2022 நவம்பர் 22 அன்று சவுதி அரேபியாவிடம் அர்ஜென்டினா இரண்டுக்கு ஒன்று தோற்றபோது, லீக் ஆட்டத்தைச் சீண்டாத விதியையே மீறி, “அர்ஜென்டினா கதை முடிஞ்சுது, அடுத்த வாரம் டிக்கெட்” என்று எழுதி வைக்கச் சொன்னார். சென்னைப் பக்கம் மாண்டஸ் புயல் கரை கடந்து நாலு நாள் கழித்து, அதே அர்ஜென்டினா அரையிறுதியில் குரோஷியாவை மூன்றுக்குச் சைபர் சாய்த்தது. “மொதல்ல தோக்கறவன்தான் கப்பு எடுப்பான்னு அன்னிக்கே சொன்னேன்” என்றார். அடுத்த நாள், ஆப்பிரிக்காவிலிருந்து முதன்முதலாக அரையிறுதி கண்ட மொராக்கோவைப் பிரான்ஸ் வென்றது. அதை அவர் சலூனில் சரியாகச் சொல்லியிருந்தார். டீக்கடையில் வேறு மாதிரி.

அண்ணனைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அவர் தனி ஆள் இல்லை. மூன்று உலகக் கோப்பை வென்ற பெலேயே, 1994-இல் கொலம்பியா என்று கை காட்டினார். கொலம்பியா முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி, படித்தவர்களையும் கம்ப்யூட்டரையும் வைத்துக் கணக்குப் போட்டு 2014-லும் பிரேசில், 2018-லும் பிரேசில் என்றது. அவர்களுக்கும் நடக்கவில்லை. அண்ணனாவது டீக் காசோடு நிறுத்திக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை அரையிறுதி வாரத்தில் அண்ணன் தன் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டார். நாங்கள் ஆட்டம் பார்த்தோம். கோல் விழுந்தது, கைதட்டினோம், வீட்டுக்குப் போனோம். காலையில் டீக்கடையில் பேச ஒன்றும் இல்லை. யார் ஜெயித்தார்கள் என்று பேப்பரில் இருந்தது. யார் தோற்றார்கள் என்று சொல்லத்தான் எங்களுக்கு ஓர் ஆள் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. கேரம் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும், ரெட் போட்டால் ஃபாலோ போட வேண்டும். போடாவிட்டால் ரெட் திரும்பப் போர்டுக்கு வந்துவிடும். அண்ணன் 2014-இல் சட்டைப் பையில் போட்ட எங்கள் ரெட், இன்று வரை மன்றத்துக்குத் திரும்பி வரவில்லை. கேட்டால், “நாளைக்கு ரெடி” என்கிறார்.