இரங்கூன் மல்லி யார் வீட்டுக் கொடி? ஒரு முன்னாய்வு

நாம் நட்டு, நாம் தண்ணீர் ஊற்றிய கொடி பூவை மட்டும் ஏன் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கிறது? வீட்டுக்கு வீடு கேட்கப்படும் இக்கேள்வியை எந்த ஆய்வேடும் தொட்டதாகத் தெரியவில்லை. அக்குறையை இரங்கூன் மல்லியை முன்வைத்துத் தீர்க்க முயல்கிறேன். ஆய்வுக்களம், எங்கள் காம்பவுண்டுச் சுவர். ஆய்வுக்கருவி, ஒரு முக்காலி. நிதியுதவி, கன்று வாங்க வீட்டம்மா கொடுத்த 50 ரூபாய்.

முதலில் பெயர். நாம் ரங்கூனில் கொண்டுபோய் நிறுத்திய இதை, ஆங்கிலத்தில் சீன ஹனிசக்கிள் என்றும் சொல்வார்கள். அசல் ஹனிசக்கிளுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதன் பங்காளிகள் கடுக்காய், மருது, நாட்டுவாதுமை. அப்படிப்பட்ட முரட்டுக் குடும்பத்தில் இந்தச் சிங்காரி எப்படிப் பிறந்தாள் என்பது தனி ஆய்வுக்குரியது. அம்போன் தீவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ரம்பியஸ், ‘உடானி’ என்ற மலாய்ப் பெயரை, ‘எப்படிப்பட்ட’ என்று பொருள்படும் ஒரு டச்சுச் சொல்லோடு ஒலிப்பொருத்தம் பார்த்து, லத்தீனில் ‘குவிஸ் குவாலிஸ்’ ஆக்கினார். யார்? எப்படிப்பட்டவர்? சம்பந்தம் பேச வந்தவர்கள் விசாரிப்பதுபோல ஒரு பெயர். 1762இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அதையே பேரினப் பெயராக வைத்துவிட்டார். அண்மையில் தாவரவியலார் இதைக் காம்ப்ரீட்டம் என்ற பேரினத்தில் சேர்த்து, விடை சொல்லாமலே கேள்வியை எடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஏனென்றால் கேள்வி நியாயமானது. பொழுது சாயும்போது மொட்டு வெள்ளையாக அவிழ்கிறது. மறுநாள் ரோஸ் நிறம். அதற்கும் அடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்றும் தொங்குவதால், கொடிக்கு என்ன நிறம் என்று கேட்டால் ‘எந்தக் கிழமை?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வெள்ளை இரவு அந்துப்பூச்சிக்கு; விரல் நீளக் குழலின் அடியில் இருக்கும் தேனை எட்ட அதற்குத்தான் நீண்ட உறிஞ்சி உண்டு. சிவந்தபின் பகல் விருந்தாளிகள்: தேனீ, தேன்சிட்டு. இரண்டு ஷிப்டு.

ஏறும் முறையும் கவனிக்கத்தக்கது. நட்ட சில மாதம் ‘நான் வெறும் புதர்தான்’ என்று அடக்கமாக நிற்கும். நம்பிவிடக் கூடாது. பிறகு நீண்ட கொம்புகளை வீசும். பழைய இலை உதிர்ந்தாலும் காம்பின் அடி உதிராமல் முள்ளாக இறுகிக்கொள்ளும். அதைக் கொக்கிபோல் மாட்டித்தான் சுவரேறுகிறது. முக்காலியில் நின்று இதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பனியனையும் ஒரு படியாகக் கொண்டது.

எங்கள் பக்கம் மாமர நிழல். பக்கத்து வீட்டு மாடியில் நாள் முழுக்க வெயில். புதுத்தளிரின் நுனியில்தான் இது பூக்கும். தளிரோ வெயில் இருக்கும் பக்கம்தான் போகும். கணக்கெடுத்தேன். எங்கள் பக்கம் 3 கொத்து. அந்தப் பக்கம் எண்ணத் தொடங்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு வந்துவிட்டார்.

“சார், உங்க கொடி எல எங்க மாடித் தண்ணி போற ஓட்டைய அடைக்குது.”

“வெட்டிடுறேன் சார்.”

“அய்யோ, பூவ விட்டுட்டு வெட்டுங்க. வீட்ல கோவிச்சுக்குவாங்க.”

இந்தக் களப்பேட்டியைவிட வலுவான சான்று கிடைக்காது. அடைக்கும்போது அது ‘உங்க கொடி’. பூக்கும்போது அவர் வீட்டு விவகாரம். ஆகவே முடிவு: வேரும் குப்பையும் நட்டவருக்கு, பூ வெயில் உள்ளவருக்கு. வாசம் மட்டும் இரவு எட்டு மணிக்குமேல் பொதுச்சொத்து.

வேரிலிருந்து இரண்டு கன்றுகள் கிளம்பியிருக்கின்றன. பக்கத்து வீட்டாரோடு சுமுகமாக இருக்கும் வாசகர் எவரேனும் சாக்குப்பையோடு வந்தால் தோண்டித் தருகிறேன்.