பாடிப் போனால் போதுமா?

கேள்வி: பல்கலைக்கழகக் கபடி அணியில் ஆடுகிறேன். பயிற்சிக்குப் போனால் வகுப்பு போகிறது, வகுப்புக்குப் போனால் ஆட்டம் போகிறது. ஒன்றை விட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவர், சாத்தான்குளம்

பதில்: விடாதீர்கள் தம்பி! பாடிப் போகிறவர் எதிராளியைத் தொட்டால் மட்டும் புள்ளி வராது. நடுக்கோட்டுக்குத் திரும்பி வரவேண்டும். உங்களுக்குத் தேர்வு அறைதான் அந்த நடுக்கோடு.

உங்கள் மாவட்டத்து மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவர். ஆகவே கபடியைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிப்பும் ஆட்டமும் சேர்ந்து போகாது என்றாலும் நம்பாதீர்கள். கிரிக்கெட்டில் பந்து சுழற்றிய அஸ்வின் பி.டெக். பட்டதாரி, டெஸ்ட் விக்கெட்டுகள் 537. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்தவர்.

போட்டிக்குப் போகும் நாளுக்குக் கிடைக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) வருகைப் பதிவைத்தான் தரும், பாடத்தைத் தராது. போட்டிக்குக் கிளம்பும் முன்பே உடற்கல்வி இயக்குநரிடம் கடிதம் வாங்கித் துறைத்தலைவரிடம் கொடுங்கள். விட்டுப்போன செய்முறை வகுப்பை அந்த வாரமே கேட்டு முடியுங்கள். நண்பரின் நோட்டைப் பார்த்து அதைக் கற்க முடியாது. பயிற்சிக்காகத் திருநெல்வேலிக்குப் போய்வந்தால் அந்தப் பேருந்து நேரமும் உங்களுடையதுதான். களைத்திருந்தால் அதில் தூங்குங்கள், அதுவும் பயிற்சியே.

தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பட்டம் கேட்கும் பணிக்குப் பதக்கத்தோடு பட்டமும் வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.