சாலை போட்ட மேஜர் ஜெனரல்

கே: ராணுவ அதிகாரி தேசிய அரசியலுக்கு வந்து உருப்படியாக ஏதாவது செய்ததுண்டா?
– திண்டிவனம் வாசகர்

ப: செஞ்சி, திருவண்ணாமலை வழியே கிருஷ்ணகிரி போய், சென்னை–பெங்களூரு தங்க நாற்கரச் சாலையில் ஏறுங்கள். பதில் உங்கள் சக்கரத்துக்கு அடியிலேயே இருக்கிறது.

பி.சி. கந்தூரி, ராணுவப் பொறியாளர் படையில் 36 ஆண்டுகள் இருந்தவர். 1991-ல் கார்வால் எம்.பி. ஆனார். வாஜ்பாய் அவரிடம் நெடுஞ்சாலைத் துறையைக் கொடுத்தார். நாற்கரச் சாலை வேகம் பிடித்தது. பிறகு உத்தராகண்ட் முதல்வர்.

2018-ல் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுத் தலைவராக, ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு என்று அறிக்கை வைத்தார். ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிதான்! தலைவர் நாற்காலி குண்டு துளைக்காததல்ல. அதே ஆண்டு போய்விட்டது. சாலையைவிட அந்த அறிக்கைக்காகவே அவருக்கு என் சல்யூட்.