பங்காளிக்கு ஒரு விண்ணப்பம்

மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறைக்கு,

நீங்களும் நானும் கூட்டாகப் பங்குச் சந்தையில் தொழில் நடத்துகிறோம். பத்திரம் எழுதிக்கொள்ளாததால் உங்களுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம்.

போன நவம்பரில் என் கைப்பணம் 1 லட்சம், தரகு நிறுவனம் எம்டிஎஃப் என்று கொடுத்த கடன் 3 லட்சம், ஆக 4 லட்சத்துக்குப் பங்கு வாங்கினேன். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 400 ரூபாய் அன்றே உங்களுக்கு வந்தது. கைப்பணத்தோடு நின்றிருந்தால் 100தான். மீதி 300 என் துணிச்சலுக்கு நான் உங்களுக்கு வைத்த மொய். (முத்திரைத் தீர்வை 60 ரூபாய் மாநில அரசுக்கு. அது வேறு பங்காளி, வேறு கடிதம்.)

மார்ச்சில் விற்றேன். லாபம் 40,000. நான்கு மாத வட்டி 15,000 போக மிச்சம் 25,000 என்று நான் கணக்குச் சொன்னதும், ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வட்டியெல்லாம் கழிக்க விடமாட்டாங்க சார். முழுசா நாற்பதுக்கும் கட்டணும்." 2024 ஜூலையில் குறுகிய கால மூலதன ஆதாய வரியின் 15 சதவீதத்தை நீங்கள் 20 ஆக்கிய புண்ணியத்தில், செஸ் சேர்த்து 8,320 ரூபாய். என் கையில் நின்றதில் மூன்றில் ஒரு பங்கு.

அந்த 15,000 எங்கும் தொலைந்துபோகவில்லை. தரகு நிறுவனத்தின் ஏட்டில் அது வருமானம். அங்கே அதற்கும் வரி உண்டு. வாங்கியவர் பக்கம் பளிச்சென்று தெரிகிற வட்டி, கொடுத்தவன் பக்கம் மட்டும் உங்கள் கண்ணில் படுவதில்லை. இதே பணத்தை முன்பேர, விருப்பு ஒப்பந்தங்களான எஃப் அண்ட் ஓவில் போட்டிருந்தால் அது வியாபாரமாம், வட்டியைச் செலவில் எழுதலாமாம். அங்கே பத்தில் ஒன்பது பேர் பணத்தை விடுகிறார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொல்கிறது.

ஜூனில் மறுபடி அதே 4 லட்சம். இந்த முறை சந்தை சரிந்தது. காலையில், கடனுக்கு ஈடான மார்ஜின் போதவில்லை என்று தரகு நிறுவனத்தின் எஸ்எம்எஸ். நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் 3,20,000க்கு அவர்களே விற்றுவிட்டார்கள். நஷ்டத்துக்கு விற்றாலும் எஸ்டிடி 320 ரூபாயை விடாத உங்கள் உறுதியை மெச்சுகிறேன். 80,000 நஷ்டத்தை மார்ச் லாபத்தில் கழிக்க முடியாது, நிதியாண்டு மாறிவிட்டது. எட்டு ஆண்டு சுமந்துபோய், இனி வரும் மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம். ஆதாயம் வர முதல் வேண்டுமே!

எனவே பங்காளி என்ற முறையில் 3 லட்சம் கைமாற்றாகத் தந்து உதவவும். வட்டி தருகிறேன், அதைக் கழிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். எஸ்டிடி 300 ரூபாயைக் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடன்காரப் பங்காளி