நலம், மழையறிய ஆவல்

மான்செஸ்டர் அருகே,
28 ஏப்ரல் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு மழை. அங்கு மழையறிய ஆவல்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், சித்தி சிரிப்பார், அந்தச் சிரிப்பைக் கேட்டு பக்கத்து வீட்டிலிருந்தும் ஆள் வரும். அதனால் கடிதம். விஷயம் இதுதான்: நான் விவசாயம் பார்க்கிறேன்.

"இந்தச் சேறு என்னோட போகட்டும், நீ படிச்சுப் பொழைச்சுக்க" என்று அப்பா இஞ்சினியரிங் படிக்க அனுப்பினாரே, அதே நான்தான். மூன்று வருஷம் காத்திருந்து, வருஷக் குத்தகை கட்டி, அதே சேற்றை வாங்கியிருக்கிறேன். இங்கே இதற்கு 'அலாட்மெண்ட்' என்று பெயர். கேட்கிறவர்களுக்குக் காய்கறி போட உள்ளாட்சி நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1908-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அளவு இன்னும் பழைய 'ராடு' கணக்குதான். முழுத் துண்டு பத்து ராடு. நம் கணக்கில் பார்த்தால் 19 குழி. எனக்குக் கிடைத்தது அதில் பாதி. ஆக, ஒன்பதரைக் குழி மிராசுதார். உங்கள் களத்துமேடு இதைவிடப் பெரிது என்பது எனக்கும் தெரியும். சித்தியிடம் சொல்ல வேண்டாம்.

மழைக்கு வருகிறேன். நாகப்பட்டினத்தில் வருஷத்துக்குப் பெய்யும் மழை மான்செஸ்டரைவிட அதிகம். நானும் முதலில் நம்பவில்லை. வித்தியாசம் பெய்கிற விதத்தில் இருக்கிறது. நம்ம மழை ஐப்பசி கார்த்திகையில் கல்யாணப் பந்தி மாதிரி வந்து, இலை தாங்காமல் கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மாதிரி: மூன்று வேளை, ஆகாரத்துக்கு முன்னும் பின்னும். அட்லாண்டிக்கில் கிளம்பும் மேகம் பென்னைன் மலையில் முட்டிக்கொண்டு, ஏற முடியாமல் எங்கள் தலையில் இறங்கிவிடுகிறது.

உருளைக்கிழங்கைப் பெரிய வெள்ளியன்று நட வேண்டும் என்பது இங்கத்தி சம்பிரதாயம். முட்டை அட்டையில் கிழங்கை அடுக்கி, ஜன்னலோரம் முளைகட்ட வைத்தேன். மார்ச் 29, பெரிய வெள்ளி. போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்கத் தண்ணீர். நாற்று நடலாம், கிழங்கு நட முடியாது. அப்போதுதான் மாரியம்மனிடம், "தாயே, இந்த மழையை நிறுத்து" என்று வேண்டினேன். அறுவடைச் சமயம் நீங்களும் "போதும் ஆத்தா" என்றது உண்டு. விதைக்கும் முன்பே போதும் என்றவன் நம் வம்சத்தில் நான் ஒருத்தன்தான். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்களோ மாட்டார்களோ என்று நீங்கள் போனில் புலம்பிய அன்று ராத்திரியும் அதையேதான் வேண்டினேன். ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு மனு. அவள் என்னதான் செய்வாள்?

மழை விட்டாலும் நத்தை விடாது. நம்மூர் நத்தைக்காவது சொந்த வீடு உண்டு. இங்கே உள்ளது ஓடில்லாத ஜாதி. ராத்திரி கிளம்பி, விடிவதற்குள் முட்டைக்கோஸ் நாற்றைக் காம்போடு முடித்துவிடும். மெட்டால்டிஹைடு கலந்த நத்தை மருந்தை 2022-ல் தடை செய்துவிட்டார்கள். 1804-ல் தொடங்கிய அரச தோட்டக்கலைக் கழகமும் அதே வருஷம், இனி நத்தையைத் தோட்டத்துக்கு எதிரி என்று பட்டியல் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. இந்த நாட்டில் இருக்கும் 44 வகையில் 9 வகைதான் தோட்டத்துச் செடியைத் தின்னுமாம். மீதி 35 பேரும் யோக்கியர்கள். அந்த ஒன்பது பேரும் என் பாத்தியில் கூட்டுக்குடும்பமாக இருக்கிறார்கள்.

ஒரு கிண்ணத்தை மண்ணில் புதைத்து பீர் ஊற்றி வைத்தால், வாசனைக்கு வந்து விழுந்து சாகும் என்றார்கள். நத்தைக்கு டாஸ்மாக் திறந்தேன். தினம் ஒரு டின் வாங்கியதில் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். உங்கள் மருமகள் காலி டின்னை மோந்து பார்த்துவிட்டு, "எத்தனை நத்தைக்கு எத்தனை டின்?" என்று கணக்குக் கேட்கிறாள்.

விளைச்சல் சொல்கிறேன். வெந்தயக்கீரை ஒரு கைப்பிடி. குத்தகை, விதை, பீர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கைப்பிடி அடக்கவிலைக்கு நீங்கள் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம். தக்காளி நாற்று ஜன்னலோரத்திலேயே நிற்கிறது. மே பாதிவரை உறைபனி விழலாமாம். கறிவேப்பிலை ஹாலில், ஹீட்டர் பக்கத்தில், பிள்ளை பெற்றவள் மாதிரி காற்றுப் படாமல் இருக்கிறது. மண்ணைக் கிளறினால் மட்டும் ஒரு சிட்டளவு ராபின் காலடிக்கே வந்து புழு பொறுக்குகிறது. உங்கள் ஏர் பின்னால் வரும் கொக்கு ஞாபகம் வரும்.

பக்கத்துத் துண்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயது எண்பதை நெருங்குகிறது. அவருக்குப் பொழுதுபோக்கு மழை. தினம் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவார். இந்தக் கிறுக்கு இந்த நாட்டுக்கே உண்டு சித்தப்பா. வீட்டு மழையை அளந்து அனுப்புகிறவர்களுக்காக 1860-லேயே ஒரு அமைப்பு கண்டிருக்கிறார்கள். பாதிரியார், டாக்டர், பண்ணையார் என்று ஆளாளுக்கு எழுதிய கணக்குகள் 65,000 தாள்களாகக் கிடந்தன. 2020-ல், கொரோனா ஊரடங்கில், ஆயிரக்கணக்கான பேர் வீட்டிலிருந்தபடியே பதினாறு நாளில் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். நம் பெரியவரும் அதில் ஒருவர். அதனால் மழைக் கணக்கு 1836 வரை பின்னால் போயிற்று.

"மார்ச்சோடு முடிந்த பதினெட்டு மாசத்தில் இங்கிலாந்தில் 1,696 மில்லிமீட்டர்! 1836-க்குப் பிறகு எந்தப் பதினெட்டு மாசத்திலும் இவ்வளவு பெய்ததில்லை" என்றார், பேரன் மாநிலத்தில் முதலாவதாக வந்தது மாதிரி. அவர் நட்ட கிழங்கு அழுகித்தான் போனது. ஆனால் கணக்கு சரியாக இருந்ததில் அவருக்குத் திருப்தி.

அவரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். மேட்டூர், குறுவை, கடைமடை எல்லாம் சொன்னேன். அதிகம் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் நோட்டில் தன் பத்திக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, உங்கள் ஊருக்கென்று ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். நான் போனில் விசாரித்துச் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். இதுவரை பதினொரு நாள், பதினொரு பூஜ்யம். பூஜ்யத்தையும் விடாமல் எழுத வேண்டுமாம், பெய்யாததும் கணக்குதானாம்.

அதனால் கோடை மழை ஒன்று விழுந்தால், ராத்திரி என்று பார்க்காமல் போன் செய்யுங்கள். உங்களிடம் மழைமானி இல்லையே என்றேன். வேறு எப்படி அளப்பார் என்று கேட்டார். "மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்த்து, ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்பார்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதை மில்லிமீட்டராக மாற்ற வேண்டாம், அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்றார். உழவு மழை என்று இங்கிலீஷில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

சித்திக்கு வணக்கம். களத்துமேட்டு விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒன்பதரைக் குழி மிராசுதார்